செங்கற்கள் எங்கே போயின?
யுத்தகாலத் தெருவின் சிற்றுருக்கள் குறித்துச் சில அபிப்பிராயங்கள்

யுத்தத்தைப் பற்றி எழுதப்பட்ட கதைகளையும் கவிதைகளையும் விமர்சிப்பதற்கு எம்மிடம் சில அளவுகோல்கள் இருக்கின்றன. அவை சரியா பிழையா என்று நாம் இதுபோன்ற இதழ்களில் ஓயாமல் வாதிட்டும் வருகிறோம். ஆனால் யுத்தத்தைப் பற்றிக் கையால் செய்யப்பட்டவற்றை, அதாவது பலகையிலும் பிளாஸ்டிக்கிலும் சாந்திலும் உருவாக்கப்பட்டவற்றை, எம்மவர் எவரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டதை நான் கண்டதில்லை. அவை சிறுபிள்ளை விளையாட்டு என்றோ நூதனசாலைச் சரக்கு என்றோ ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. இந்த ஒதுக்கல் நியாயமானதல்ல என்பது என் அபிப்பிராயம். ஒரு தெரு எப்படி இடிந்தது, அதில் யார் இருந்தார்கள், அந்தக் கணம் எந்தக் கணம் என்ற கேள்விகளை ஒரு சிறுகதையாளன் தவிர்த்துவிட்டு எழுதிவிடலாம். வாக்கியத்தின் புகைக்குள் அவை மறைந்துவிடும். ஒரு தெருவைச் சிறிதாக்கிச் செய்பவனால் அப்படித் தப்ப முடியாது. சுவர் இடிந்திருந்தால் அதன் செங்கல் கீழே கிடக்கவேண்டும். ஆகவே புனைவின் நேர்மையைப் பற்றிப் பேசுவதற்கு இந்தக் கலை எமக்கு நல்லதொரு உரைகல்.

இதற்கு டயோரமா என்று பெயர். 1822இல் பரிஸ் நகரில் லூயி டாகர் என்பவர் ஆரம்பித்த காட்சிக்கூடத்திலிருந்து வந்த சொல் இது. மிகப் பெரிய திரைகளில் வரைந்த காட்சிகளின் மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, பார்ப்பவருக்குப் பகல் இரவாவதுபோல மயக்கம் காட்டினார் அவர். 1839இல் அந்தக் கூடம் எரிந்துபோயிற்று. அதே ஆண்டில்தான் அவரது புகைப்பட முறையும் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சொல் மட்டும் பிழைத்து, பிற்காலத்தில் ஒரு பலகையின் மேல் சிற்றுருக்களால் அமைக்கப்படும் காட்சிக்கு வந்து சேர்ந்தது. ஆக, மயக்குவதற்காகப் பிறந்த சொல் இது. அந்தப் பிறவிக் குணம் இன்றுவரை அதை விட்டுப் போகவில்லை என்பதை முதலில் மனதிற் கொள்ளவேண்டும்.

இன்று உலகெங்கும் யுத்தகாலத் தெருக்களைச் செய்பவர்களிற் பெரும்பாலோர் கையாளும் அளவுத்திட்டம் 1:35 ஆகும். ஒரு மனிதன் ஐந்து சென்ரிமீற்றர். ஒரு கதவு ஆறு சென்ரிமீற்றர். ஆறு மீற்றர் அகலமான தெரு பதினேழு சென்ரிமீற்றர். இந்த 35 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் சுவையான ஒரு செய்தி கிடைக்கிறது. ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள தமியா கம்பனி, 1946இல் மர வியாபாரமாக ஆரம்பித்து, பின்னர் மரத்தாலான மாதிரியுருக்களுக்கும் 1960இல் பிளாஸ்டிக்குக்கும் மாறியது. 1960களின் தொடக்கத்தில் அது ஜேர்மனியரின் பந்தர் யுத்த தாங்கியை ஓடக்கூடிய மாதிரியுருவாகச் செய்தபோது, மோட்டாரும் பற்றரிகளும் உள்ளே அடங்கவேண்டும் என்பதற்காக ஓர் அளவைத் தெரிவு செய்தது. பிறகு கணக்குப் பார்த்தபோது அது ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒன்றாக இருந்தது. 1968இல் அந்தக் கம்பனி படைவீரர் உருவங்களையும் அதே அளவில் வெளியிடத் தொடங்கியது. ஏனைய கம்பனிகளும் பின்தொடர்ந்தன. இன்று இலட்சக்கணக்கானோர் இரண்டாம் உலக யுத்தத்தை நினைவுகூரும் உருவளவை நிர்ணயித்தது வரலாறு அல்ல, பற்றரி.

ஷிசுவோகாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1945 ஜூன் மாதம் அமெரிக்க விமானங்கள் வீசிய தீக்குண்டுகளால் எரிந்த நகரம் அது. எரிந்த ஊரிலிருந்து எழுந்த ஒரு கைத்தொழில், உலகச் சிறுவர்களுக்கு யுத்த தாங்கிகளைச் செய்து கொடுத்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு முன்னால் எவரும் தம் சாம்பலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குள் தாங்கி இருந்தது, வீரன் இருந்தான், வீடு இருக்கவில்லை. வீட்டைச் செய்பவன் அதைத் தானே வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. தெரு என்பது தாங்கிக்குப் பின்னால் வந்து சேர்ந்த பின்னணியாக ஆனதற்கு இந்த வர்த்தக வரிசையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கலைக்கு ஓர் இலக்கணம் தந்தவர்களுள் அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயின் முக்கியமானவர். 2015இல் காலமான அவர், 1980இல் வெளியிட்ட கைந்நூலின் மூலம், மாதிரியுருக்களைப் பலகையில் அடுக்கிவிட்டால் மட்டும் டயோரமா ஆகிவிடாது, அதற்குள் ஒரு கதை இருக்கவேண்டும், பார்ப்பவனின் கண் எங்கே முதலில் விழவேண்டும் என்பது யோசிக்கப்பட்டிருக்கவேண்டும் என்ற கருத்தைப் பரவலாக்கினார். பெல்ஜியத்தைச் சேர்ந்த பிரான்சுவா வெர்லிண்டன் இடிந்த தெருவின் புழுதியையும் உடைசல்களையும் செய்யும் கைவண்ணத்தால் புகழடைந்தார். ஒருவர் கதையைக் கற்பித்தார், மற்றவர் மேற்பரப்பைக் கற்பித்தார். பின்வந்தவர்களிற் பலர் இரண்டாமவரிடமிருந்து அதிகம் கற்றுக்கொண்டார்கள். அதன் விளைவைத்தான் நாம் இன்று காண்கிறோம்: துரு தத்ரூபமாக இருக்கிறது, சேறு தத்ரூபமாக இருக்கிறது, தாங்கியின் சங்கிலிப் பட்டியில் ஒட்டிய புல்கூட இருக்கிறது. இந்தத் தெரு எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

*

நான் இந்தக் கலையை வெளியில் நின்று மட்டும் பேசவில்லை. ஆசிரியர் கலாசாலையில் காகிதக்கூழால் தரைத்தோற்றப் படங்கள் செய்யப் பழகியவன் நான். சில ஆண்டுகளுக்கு முன்னர் தரம் 11 வரலாற்றுப் பாடத்துக்காக என் மாணவரோடு சேர்ந்து ஐரோப்பியச் சிறு பட்டணமொன்றின் தெருத் துண்டைச் செய்தேன். அறுபதுக்கு நாற்பது சென்ரிமீற்றர் ஒட்டுப்பலகை ஒன்று. நிஜத்தில் அது இருபத்தொரு மீற்றர் நீளமும் பதினான்கு மீற்றர் அகலமும் கொண்ட நிலம். வீடுகளுக்கு ரெஜிபோமும் பிரிஸ்டல் போட்டும், ஒட்டுவதற்கு பைண்டர் கம், வளைகளுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் ஈர்க்கு. டோஹாவில் வேலை செய்யும் பழைய மாணவன் ஒருவன் ஷேர்மன் தாங்கிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்திருந்தான்.

தாங்கியைத் தெருவில் வைத்தபோதுதான் வகுப்பு அமைதியானது. பதினேழு சென்ரிமீற்றர் தெருவில் ஏழரை சென்ரிமீற்றர் அகலமான தாங்கி. இரு பக்கமும் ஓர் ஆளின் உயரத்துக்கும் குறைவான இடைவெளிதான் மிச்சம். பாடநூலில் "தாங்கிகள் நகருக்குள் நுழைந்தன" என்ற வகையான வசனத்தை அவர்கள் எத்தனையோ தடவை வாசித்திருந்தார்கள். வீட்டு வாசலுக்கும் அந்த இரும்புக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை எந்த வசனமும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது செங்கல். ஒரு வீட்டின் முன்சுவரில் மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் இடிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டோம். பலகையில் அது ஓர் உள்ளங்கை அளவு. ஒரு செங்கல் நீளத் தடிப்புள்ள சுவரென்றால் சதுர மீற்றருக்கு நூறுக்கு மேற்பட்ட கற்கள் வேண்டும். ஆகவே அந்தத் துவாரத்துக்குக் கீழே ஆயிரம் செங்கற்களாவது கிடக்கவேண்டும். ஒரு செங்கல் ஆறு மில்லிமீற்றர் நீளம், மூன்று அகலம், இரண்டு உயரம். பரிஸ் சாந்தை மெல்லிய தகடாக வார்த்துப் பிள்ளைகள் வெட்டத் தொடங்கினார்கள். இரண்டு பின்னேரங்களில் முந்நூறு கல்லுக்கு மேல் தேறவில்லை. ஆயிரம் கல்லையும் வெட்டி முடித்துக் குவித்தபோது அது அரைத் தேநீர்க் கோப்பை அளவுதான் இருந்தது. ஆனால் வெட்டிய கைகளுக்கு அது எத்தனை கல் என்று தெரியும். அதன் பிறகு ஆங்கிலச் சஞ்சிகைகளில் வரும் டயோரமாப் படங்களை அவர்கள் பார்த்த பார்வையே வேறு. "சேர், சுவர் பாதி இல்ல. கல்லெல்லாம் எங்க போன?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

இந்தத் துறையில் தேர்ந்த கைகள் சொல்லும் முதற் குறையும் இதுதான். அனுபவமற்றவர்கள் செய்யும் இடிபாடுகளில் இடிபாடு போதாது. கல் மட்டுமல்ல, மேல்மாடி விழுந்தால் அதன் வளைகள் விழவேண்டும். கூரை விழுந்தால் ஓடு விழவேண்டும். அறைக்குள் இருந்த கட்டில், அலுமாரி, சட்டி பானை எல்லாம் அந்தக் குவியலுக்குள் எங்கோ இருக்கவேண்டும். இராணுவம் வழியைத் துப்புரவாக்கியிருந்தால் குவியல் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கவேண்டும், தள்ளியதற்கான தடயம் இருக்கவேண்டும். இடிந்த வடிவிலேயே வார்க்கப்பட்ட சுவர்களைப் பெட்டியில் வாங்கி நிறுத்துபவர்களுக்கு இந்தக் கேள்விகள் எழுவதில்லை. முழு வீட்டையும் கட்டிவிட்டு அதன் பின் உடைப்பவர்களுக்குத்தான் எழுகின்றன.

*

காரணத்தைப் பற்றிய கேள்விக்கு அடுத்து வருவது காலத்தைப் பற்றிய கேள்வி. இதற்கு நோர்மண்டியிலுள்ள வில்லேர்-போகாஜ் என்ற சிற்றூரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மாதிரியுருக் கலைஞர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தெருக்களில் இதுவும் ஒன்று. 1944 ஜூன் 13ஆம் திகதி காலை, மிகயேல் விட்மன் என்ற எஸ்.எஸ். படை அதிகாரி தன் டைகர் தாங்கியோடு அந்த ஊரின் பிரதான வீதிக்குள் நுழைந்து, பிரித்தானிய 7ஆவது கவசப் படைப்பிரிவின் முன்னணியைச் சில நிமிடங்களில் சிதறடித்தான். அவனது தாங்கியும் ஊருக்குள்ளேயே செயலிழந்து நின்றது. பிற்பகலில் ஜேர்மனியர் மறுபடி வந்தபோது பிரித்தானியரின் பீரங்கிகளும் தாங்கிகளும் பல ஜேர்மன் தாங்கிகளைத் தெருக்களில் வீழ்த்தின. அன்று மாலை பிரித்தானியர் பின்வாங்கினர். அன்றைய நாள் முழுவதையும் விட்மன் ஒருவனின் சாகசமாக்கி ஜேர்மன் பிரசார இயந்திரம் பரப்பியது.

அன்று அந்த ஊர் பெரும்பாலும் நின்றுகொண்டிருந்தது என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. அதை இடித்தது வேறொன்று. ஜூன் 30ஆம் திகதி, ஜேர்மன் கவசப் படைகள் அந்தச் சந்தியினூடாக வருவதைத் தடுப்பதற்காக, 266 பிரித்தானிய விமானங்கள் 1,100 தொன் குண்டுகளை அங்கே கொட்டின. ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் பிரித்தானியப் படை உள்ளே நுழைந்தபோது வெறும் கற்குவியலே இருந்தது. இடிபாடுகளுக்கு நடுவே கைவிடப்பட்ட டைகர் தாங்கிகள் நிற்கும் புகழ்பெற்ற புகைப்படங்கள் அப்போது எடுக்கப்பட்டவை.

இனி ஒருவர் டயோரமா செய்ய உட்காருகிறார். மேசையில் ஓகஸ்ட் மாதப் புகைப்படம் இருக்கிறது. மனதில் ஜூன் 13இன் கதை இருக்கிறது. ஓகஸ்டின் இடிபாட்டுக்குள் ஜூனின் தாங்கியை ஓடவிடுகிறார். நான் படங்களிற் கண்ட சில மாதிரியுருக்கள் இப்படித்தான் அமைந்திருந்தன. ஒவ்வொரு திருகாணியும் சரி, வர்ணம் சரி, இலக்கத் தகடு சரி. ஆனால் இரண்டு காலங்கள் ஒன்றாக ஒட்டப்பட்டதில் ஒரு முழுக் குண்டுவீச்சு காணாமற்போய்விட்டது. ஊரை இடித்தது யார் என்ற பதிலும் அதனோடு போய்விட்டது. விட்மனின் பின்னால் எரியும் வீடுகள் அவன் வீரத்துக்குச் செய்த அலங்காரமாக ஆகிவிட்டன. நுணுக்கம் கூடக்கூடப் பொய்யின் நம்பகத்தன்மையும் கூடுகிறது. விபரத் துல்லியத்தை யதார்த்தம் என்று எண்ணி மயங்கும் எமது கதைஞர்களுக்கும் இந்தத் தெருவை நான் சிபாரிசு செய்வேன்.

வேண்டுமென்றே செய்யப்படும் திரிபும் உண்டு. அதற்கு வரலாற்றில் ஒரு பழைய உதாரணம் வில்லியம் சிபோர்ன் என்ற பிரித்தானிய அதிகாரி. 1830இல் வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரியுருவைச் செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அந்தக் களத்திலிருந்த பண்ணை வீட்டில் எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரிற் பங்குபற்றிய அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, நூற்றுக்கணக்கான பதில்களைத் திரட்டினார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு உலோக வீரர்களைக் கொண்ட அந்த மாதிரியுரு 1838இல் லண்டனில் மக்கள் பார்வைக்கு வந்தது. கிடைத்த சாட்சியங்களின்படி, மாலை ஏழு மணியளவில் பிரஷ்யப் படைகள் களத்தில் ஆழமாக நுழைந்திருந்ததை அவர் காட்டியிருந்தார். வெலிங்டன் பிரபுவின் தரப்புக்கு அது உவப்பாக இருக்கவில்லை. வெற்றியில் பங்கு கேட்கும் தகர வீரர்கள் அதிகமாக இருந்தார்கள். பிற்பாடு பிரஷ்ய உருவங்களிற் பெருந்தொகையானவை அகற்றப்பட்டன. இன்று அந்த மாதிரியுரு லண்டன் தேசிய இராணுவ நூதனசாலையின் சொத்து.

கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய தகர பொம்மைகளை எடுக்கச் சொல்லி ஒரு பேரரசின் தளபதி தரப்பு முகம் சுளிக்கிறது என்றால், இந்தக் கலை விளையாட்டல்ல என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

*

மூன்றாவது கேள்வி, இங்கே வாழ்ந்தவர் யார் என்பது. உக்ரைன் நாட்டின் மினியார்ட் கம்பனி 1:35 அளவில் இடிந்த கட்டடங்களையும் தெருத் தளங்களையும் செய்து பெயர்பெற்றது. அதன் பட்டியலில் நான் மிக விரும்பிப் பார்ப்பவை தாங்கிகள் அல்ல. தெருவிளக்கு, பால்கலன், மரக்கறிப் பெட்டி, போத்தல், கைவண்டி, சாதாரண உடையில் நிற்கும் ஊர்ச் சனங்கள் ஆகியவற்றை அது தனித்தனிப் பெட்டிகளாகத் தருகிறது. தாங்கிப் பெட்டியில் இல்லாதிருந்த வீடு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு கோவாப் பெட்டியை உடைந்த நடைபாதையில் வைத்தவுடனேயே, இதை விற்றவள் எங்கே என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. 2022 பெப்ரவரி 24இல் ரஷ்யாவின் முழு அளவிலான படையெடுப்பு ஆரம்பித்த பின், மரியுபோல் போன்ற நகரங்களின் தெருக்களை உலகம் பார்த்தது. உட்சுவரின் பூப்போட்ட கடதாசி வெளியே தெரிய, மேல்மாடி பாதி தொங்க நின்ற அந்த வீடுகளைப் பார்த்தபோது, பெட்டியில் வந்த சுவரின் மாதிரி நிஜமாய் அந்த நாட்டுக்கே போய் நின்றதுபோல எனக்குப் பட்டது.

எங்கள் வகுப்பறைத் தெருவுக்குத் திரும்புகிறேன். உருவம் செய்வது குறித்து எமது ஊரில் ஒரு தயக்கம் உண்டு என்பதை வாசகர் அறிவர். அந்த விவாதத்துக்குள் நான் இங்கே நுழையவில்லை. ஆட்களை வைக்காமலே தெருவை முடிப்பது என்று தீர்மானித்தோம். இதனால் பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டம் வந்தது. அந்தக் கஷ்டமே நன்மையாயிற்று. வீரனை நிறுத்தி வீரத்தைக் காட்டலாம், பிணத்தைக் கிடத்தித் துயரத்தைக் காட்டலாம். இரண்டும் இல்லையென்றால் இருந்தவரைப் பொருளால்தான் காட்டவேண்டும். ஒரு மாணவி குந்தில் ஒற்றைச் செருப்பு வைத்தாள். இன்னொருத்தி இடியாத வீட்டின் கொடியில் துணி காயப்போட்டாள். அவள்தான் என்னிடம் வந்து, "சேர், இது ஆர்ர ஊடு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியாது. அது ஐரோப்பாவில் எங்கோ உள்ள, பெயரில்லாத வீடு. "நீயே சொல்லு" என்றேன். ஒரு தையற்காரனின் வீடு என்று தீர்மானித்து, ஈர்க்கிலும் ரின் தகட்டிலும் ஒரு தையல் மெஷின் செய்து உட்புற அறையில் வைத்தாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. குனிந்து ஜன்னலால் பார்த்தால் தெரியும். அந்தத் தெருவில் எனக்கு மிகப் பிடித்த பொருள் அதுதான்.

*

இதுவரை சொன்னவற்றுக்கு மாறான ஓர் ஆக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் என் வாதம் ஒருபக்கச் சார்பாகிவிடும். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த மார்க் ஹோகன்காம்ப் என்பவர் 2000 ஏப்ரல் 8ஆம் திகதி ஒரு மதுக்கடைக்கு வெளியே ஐந்து பேரால் அடித்து நொறுக்கப்பட்டார். ஒன்பது நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். எழுந்தபோது அவரது கடந்தகால நினைவில் பெரும்பகுதி இல்லை. சிகிச்சைக்கான உதவி நின்றதும், தன் வீட்டு வளவில் மார்வென்கோல் என்ற கற்பனையான பெல்ஜியப் பட்டணத்தை 1:6 அளவில் கட்டத் தொடங்கினார். அங்கே ஓர் ஆள் முப்பது சென்ரிமீற்றர் உயரம். இரண்டாம் உலக யுத்தகாலம். தனக்கு ஒரு பொம்மை, அயலவருக்கு ஒவ்வொரு பொம்மை. தன்னைத் தாக்கிய ஐவர் எஸ்.எஸ். படையினராக வந்து தன்னைச் சித்திரவதை செய்வதையும் ஊர்ப் பெண்கள் தன்னை மீட்பதையும் அமைத்து, ஒவ்வொரு காட்சியையும் புகைப்படம் பிடித்தார். சிறிய ஜீப்பின் சக்கரம் நிஜமாகத் தேயவேண்டும் என்பதற்காக அதைக் கட்டித் தெரு நெடுக இழுத்துக்கொண்டு நடந்தார்.

வரலாற்றுத் துல்லியம் என்ற அளவுகோலில் மார்வென்கோல் தேறாது. அப்படியொரு ஊரே இல்லை. எனினும் என் மூன்று கேள்விகளுக்கும் அது பதில் சொல்கிறது. இந்த உடைவு எதனால் வந்தது? செய்தவருக்குத் தெரியும். எந்தக் கணம்? அவர் இழந்த கணம். யார் வாழ்கிறார்கள்? ஒவ்வொரு பொம்மைக்கும் பெயரும் ஆளும் உண்டு. ஜெஃப் மால்ம்பேர்க் 2010இல் எடுத்த விவரணப்படம் இதை அடக்கத்தோடு பதிவுசெய்தது. 2018இல் ரொபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கிய திரைப்படம் அந்தப் பொம்மைகளைக் கணினியால் ஓடவும் சுடவும் வைத்தது. எனக்கு முன்னதே உயர்ந்ததாகப் படுகிறது. அசையாத பொம்மையை அசைப்பது பார்ப்பவனின் வேலை. அதைப் படம் எடுத்துக்கொண்டபோது அந்த மனிதரின் பொறுமை திரையிலிருந்து போய்விட்டது.

*

இனி எமது விடயத்துக்கு வருவோம். இந்த நாட்டின் யுத்தகாலத்தைப் பற்றி எமது எழுத்தாளர்கள் எழுதிய கதைகளில் தெரு அநேகமாக ஒரு பின்புறத் திரையாகவே தொங்குகிறது. புகை, பூட்ஸ் சத்தம், எரிந்த கடைகள், இரத்தம் என்று நான்கு சொற்களில் அது முடிந்துவிடுகிறது. பெட்டியில் வாங்கிய இடிந்த சுவர் போலத்தான் அது. எந்தக் கடை, அதற்கு அடுத்தது எந்தக் கடை, யார் கடன் கொடுத்தார், கொப்பி எழுதியவர் யார், முதலில் எரிந்தது எது, எரித்த கை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டால் பிரதியில் இடமில்லை. துயரம் உண்மையானது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் துயரம் உண்மையாக இருப்பதால் மட்டும் தெரு உண்மையாகிவிடாது.

இடிபாடு என்ற மொழியே பயன்படாத தெருக்களும் எமக்கு இருக்கின்றன. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறவேண்டும் என்று விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டார்கள். அன்று பிற்பகலின் சோனகர் தெருவை ஒருவர் 1:35 அளவில் செய்ய முனைந்தால் அவர் எதைச் செய்வார்? வெர்லிண்டனின் புழுதி அங்கே உதவாது. ஒரு செங்கல் விழவில்லை. தாங்கி இல்லை. கடைகள் நிற்கின்றன, வீடுகள் நிற்கின்றன, ஆட்கள் இல்லை. பார்ப்பவன் இதை விடுமுறை நாள் என்று நினைத்துக் கடந்துபோகாமல் இருக்க எதை வைக்கவேண்டும்? எங்கே வைக்கவேண்டும்? இந்தக் கேள்விக்கு ஷிசுவோகாவிலிருந்தோ சிக்காகோவிலிருந்தோ எவரும் பதில் எழுதி அனுப்ப மாட்டார்கள். அந்தத் தெருவின் கடைகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் புத்தளத்திலும் வேறிடங்களிலும் வயோதிபர்களாக இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த வரிசையிற் சில பெயர்கள் குறைகின்றன.

இப்படி ஒரு பொருளைச் சிறிதாக்கிச் செய்வது அதன் வலியைப் பொம்மையாக்கிவிடாதா என்ற ஆட்சேபனை வரக்கூடும். வரவேண்டும். விட்மனின் தெருவைச் செய்தவர்களுக்கு அந்த ஆபத்து நேர்ந்ததைத்தான் மேலே காட்டினேன். அந்த ஆபத்து சிறிதாக்குவதால் வருவதல்ல, கேட்கவேண்டியதைக் கேட்காமல் செய்வதால் வருவது. பெரிய நாவலிலும் அது வரலாம். ஆயிரம் கல்லை வெட்டிய பிள்ளை இடிந்த சுவரை விளையாட்டாகப் பார்ப்பதில்லை என்பதை என் வகுப்பறையில் கண்டேன்.

ஆகவே இளம் எழுத்தாளர்களுக்கு எனது யோசனை ஒன்று உண்டு. யுத்தகாலக் கதை எழுத உட்காருமுன், கதை நடக்கும் தெருவை ஒரு பிரிஸ்டல் போட்டில் அளவுத்திட்டத்தோடு வரையுங்கள். முதலில் இடியாத தெருவை வரையுங்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் இருந்தவரின் பெயரை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரிந்த மூத்தவரிடம் போய்க் கேளுங்கள். திகதியையும் நேரத்தையும் மூலையிற் குறியுங்கள். அதன் பிறகு எது உடைந்தது, எதனால் உடைந்தது, உடைந்தது எங்கே விழுந்தது என்று அடையாளமிடுங்கள். கதையில் இவற்றிற் பத்தில் ஒன்றுகூட வரவேண்டியதில்லை. தையல் மெஷினை வெளியே கொண்டுவந்து காட்டவேண்டிய அவசியமில்லை. அது உள்ளே இருக்கவேண்டும், அவ்வளவுதான்.